அரை குதிரைத்திறன்

மோட்டார் எரிந்துபோச்சு என்று
ஏற்காட்டிலிருந்து போன்.
தண்ணி மோட்டாரா என்றேன்.
இல்லை, காற்று மோட்டார் என்றார்
கோயில்பிள்ளை சூசைமாணிக்கம்.

காப்பி லாரியில் இறங்கி வந்தது அது.
செவ்வாய்ப்பேட்டையில் என் பட்டறையில்
கருகிய கம்பியை உருவி எறிந்து
புதுச் செம்பு சுற்றி, வார்னிஷ் காயவைத்து
சனிக்கிழமை பஸ்ஸில் மடியில் வைத்து ஏறினேன்.
இதுக்கும் டிக்கெட் போடவா என்றார் நடத்துனர்.
இருபது வளைவிலும் அதன் கனம்
ஒருமுறை இடத்தொடை, ஒருமுறை வலத்தொடை.

சின்னக் கல்கோயில். சன்னலுக்கு வெளியே
சவுக்கு மரங்களைப் பனி ஒவ்வொன்றாய் அழித்துக்கொண்டிருந்தது.
மாடத்தில் பீரோ அளவு மரப்பெட்டி,
அதன் முகத்தில் வெள்ளீயக் குழல்கள்.
இணைப்பைக் கொடுத்துச் சுவிட்சைப் போட்டேன்.
உள்ளே தோல் துருத்தி
மெல்ல நிமிர்ந்து உட்கார்ந்தது.

வாசிக்க வந்தவர் மத்தில்த் சவரிராயலு,
புதுச்சேரிக்காரர், கம்பளிக் காலுறை.
நாளைக்குக் கச்சேரி, எல்லாம் பிரெஞ்சு உருப்படிகள்,
மோட்டார் இரைந்தால் சொல்லுங்கள் என்றார்.

அது எனக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.
கல்யாண மண்டபத்தில் எல்லாரும் நாயனம் கேட்பார்கள்.
நான் கேட்பது பின்கட்டு ஜெனரேட்டரை.

முதலில் காலால் ஒரே ஒரு கட்டையை மிதித்தார்.
சத்தம் என்று அதைச் சொல்ல முடியாது.
பெஞ்சு நடுங்கியது.
புட்டி விட்ட கண்ணாடி ஒன்று
சட்டத்துக்குள் பல்லைக் கடித்தது.
ஒத்து என்று புரிந்தது.
ஆனால் பனைமர உயரத்து ஆள் பிடிக்கும் ஒத்து.

அதன் மேல் கைகள்.
இதோ ஊர் வந்துவிட்டது என்று
ஒவ்வொரு வளைவிலும் எட்டிப் பார்க்கிறோமே,
திரும்பினால் இன்னொரு பள்ளத்தாக்கு,
கீழே இன்னொரு சேலம், விளக்கு மாறி.
அப்படியே போனது.
வந்து சேரவே இல்லை.
சேராதது எனக்கு வலிக்கவும் இல்லை.

பிறகு ஒரு குமிழை இழுத்தார்.
சீவாளி வைத்த குழல்களாம், ட்ரோம்பெத் என்றார்.
நாற்பது நாயனம் ஒரே தொண்டையில்.
எவனுக்கும் கன்னம் உப்பவில்லை,
எவனும் மூச்செடுக்கவில்லை.
எழுதினவன் மூச்சுக்கு இடமே விடவில்லை.
மூச்சு என் வேலை,
அரை குதிரைத்திறன்.

ஏழு பத்துக்குக் கரண்டு போனது.

குழல்கள் சுருதி சரிந்து
சரிந்து
சினைமாடு படுப்பதுபோல் அடங்கின.

சூசைமாணிக்கம் டார்ச் அடித்தார்.
பெட்டியின் விலாவில் ஒரு மரக் கைப்பிடி.
மேலே நூலில் ஈயக் குண்டு, பக்கத்தில் இரண்டு கோடு.
மேல்கோடு தாண்டினால் துருத்தி கிழியும்,
கீழ்க்கோடு தாண்டினால் பாட்டு சாகும்.
அவருக்குத் தோள் ஆபரேஷன்.
நான் பிடித்தேன்.

இருட்டில் அந்தம்மா முதலிலிருந்து தொடங்கினார்.
அந்த ஒத்துக்கு எவ்வளவு பசி தெரியுமா,
குண்டு விழுந்துகொண்டே இருந்தது.
புல்லாங்குழல் போல ஒற்றைக் குழல் வந்தபோது
இரண்டு மிதப்பு போதும்.
எங்கே பெருகும், எங்கே இளைக்கும் என்று
காதுக்கு முன்னால் முழங்கைக்குத் தெரிந்தது.
இறக்கத்தில் ஒரு இடம்:
எல்லாம் முடிந்தது என்று கையைத் தளர்த்தினேன்,
அங்கேதான் பத்து விரலும் இரண்டு காலும்
சேர்ந்து விழுந்தன.
உயிரைக் கொடுத்து அழுத்தினேன்.

கரண்டு வந்ததும்
கைப்பிடி தானாக இலேசானது.
கொஞ்ச நேரம் விடவில்லை.

மோட்டார் இரைந்ததா என்று கேட்டார்.
நான் கேட்கவில்லைங்க என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை கடைசி பெஞ்சில் இருந்தேன்.
கோயில் நிறைந்திருந்தது, ஒருவரும் இருமவில்லை.
பேரிங்கில் மெல்லிய கீச்சு ஒன்று,
என் காதுக்கு மட்டும்.
ஒரு சொட்டு எண்ணெய் வேலை.
கருவிப்பை காலடியில்தான் இருந்தது.

பில்லை எழுதிக் கொடுத்தேன்.
ஆறு மாதம் ஓடும் என்றேன்.
கீச்சைச் சொல்லவில்லை.